சொந்தக்காரன் இல்லாத சத்தம்

நான் பதுளையில் கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு வந்துபோனது ஒரே ஒரு தனியார் பஸ்தான். தேயிலை பெக்டரி வாசலில் திரும்பி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, ஹாலிஎல வழியாகப் பதுளைக்குப் போகும். அதைத் தவறவிட்டால் மெயின் ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். பழைய பஸ். மேட்டில் ஏறும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டே, இப்போது எந்த வளைவில் வருகிறது, தலை வார நேரம் இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்குள் இருந்தபடி எங்களால் சொல்லிவிட முடியும்.

டீசல் இல்லாமல் நாடே நின்ற மாதங்களில் அந்த பஸ்ஸும் பெக்டரி வாசலில் நின்றுவிட்டது. ஆடுகள் அதன் அடியில் படுத்து அசைபோட்டன. நானும் அக்காவும் நடந்தோம். அக்காவுக்கு அவ்வளவு தூரமில்லை. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்குத்தான் பாதி வழியிலேயே கால் கெஞ்சும். பள்ளிக்கூடமும் பாதி நாள் நடக்கும், பாதி நாள் நடக்காது. அப்படி வீட்டில் இருந்த ஒரு மத்தியானம், பஸ்ஸில் உட்கார வேண்டும் என்ற ஏக்கத்தில், போனில் ஒரு பஸ் ஓட்டும் விளையாட்டை இறக்கிக்கொண்டேன். முப்பத்தெட்டு வயதில் எனக்கு வந்த முதல் கெட்ட பழக்கம் அதுதான் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அந்த விளையாட்டில் வந்த பஸ் ஏதோ ஒரு நாட்டில், மேசை போல் தட்டையான ரோட்டில் ஓடியது. எஞ்சின் சத்தம் கொசு மாதிரி இருந்தது. பிறகுதான் தெரிந்தது, விளையாட்டைச் செய்த கம்பனி தருவதோடு நாம் நிற்க வேண்டியதில்லை. வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் புது பஸ், புது ரோடு, புது ஹோன் சத்தம் செய்து உள்ளே போடலாம். அதற்கு மோட் என்று பெயர். நம் நாட்டுத் தனியார் பஸ்களையெல்லாம், கண்ணாடியில் ஒட்டிய சாமி படம் முதல் பின்னால் எழுதிய காதல் தோல்வி வசனம் வரை, ஒன்று விடாமல் செய்து வைத்திருந்தார்கள். எங்கள் பஸ் மட்டும் இல்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. பண்டாரவளையில் இருந்து மோட் செய்யும் ஒரு கெம்பஸ் மாணவனுக்கு எழுதினேன். பஸ் உடம்பு செய்வதில் கெட்டிக்காரன். நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. நான் அனுப்பிய படங்களை வைத்து, பின் பம்பரில் இருந்த நசுங்கல் உட்பட எல்லாவற்றையும் செய்து முடித்தான். ஆனால் பஸ்ஸின் வாயைத் திறந்தால் அதே கொசு.

"சத்தம் நீங்கதான் எடுக்கணும் டீச்சர். பஸ் உங்க ஊர்லதானே நிக்குது" என்று எழுதினான்.

டீசல் வந்து பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் டிரைவரிடம் போய்க் கேட்டேன். அவர் பெரிய உடம்பு, சின்னக் குரல். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் அழுத்திப் பிடிக்காத மனிதர்.

"அண்ணே, பஸ்ஸோட சத்தம் கொஞ்சம் வேணும்."

"எவ்வளவு வேணும் டீச்சர்?" என்றார், கடையில் சீனி நிறுப்பவர் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை அந்தோனியார் கோயில் பூசை முடிந்து, வெயில் இறங்கிய நேரத்தில், பெக்டரி வாசலில் பஸ்ஸை நிறுத்திக்கொண்டோம். ஓட்டம் இல்லாத நேரம். போனை ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டு எஞ்சின் பக்கத்தில் வைத்தேன். காற்று அடிக்கும் சத்தம் உள்ளே போகாமலிருக்க அது ஒரு வழி. டிரைவர் எஞ்சினைப் போட்டார். பஸ் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும் அந்தச் சத்தம்தான் எனக்கு முதலில் வேண்டும். பதிவு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேல் லயத்திலிருந்து ஓர் அம்மா லீக்ஸ் மரக்கறி மூட்டையோடு ஓடி வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, பஸ் போகாது. சத்தம் எடுக்கத்தான் நிக்குது" என்றேன்.

"எடுங்க டீச்சர். நான் சத்தம் போடாம இருக்கேன்."

"பதுளைக்குப் போகாதும்மா."

"ஓடுதுல்ல? ஓடுற பஸ் எப்படிப் போகாம இருக்கும்?"

 அந்த அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். அவர்களைப் பார்த்து ஒரு குடும்பமே ஏறியது, கையில் ஒரு சேவலோடு. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் சிலர் வந்து, இன்றைக்கு விசேஷமாக ஒரு பஸ் விட்டிருக்கிறார்களாமே என்று சந்தோஷப்பட்டார்கள். பாதி பஸ் நிறைந்ததும் டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேருமாகப் பதுளைக்குப் போனோம். கியர் சத்தம், ஹோன், கதவு, பிரேக்கில் காற்று விடும் சத்தம் எல்லாம் வழியில் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் கியரில் ஏறும் சத்தத்தில் இன்றைக்கும் சேவல் இருக்கிறது.

ஆனால் நின்ற இடத்தில் உறுமும் சத்தம் மட்டும், அந்த லீக்ஸ் அம்மா இருமுவதற்கு முன்னால் கிடைத்த சில விநாடிகள்தான் சுத்தமாக இருந்தன. அது போதும் என்றான் கெம்பஸ் மாணவன். விளையாட்டு அந்தத் துண்டையே முடிய முடிய மறுபடி ஓட்டும். பஸ் எவ்வளவு நேரம் நின்றாலும் சத்தம் நிற்காது. நான் அதை எம்பி த்ரீ ஃபைலாக மாற்றிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பாட்டு, ஜெபம், கட்சிக் கூட்டப் பேச்சு எல்லாமே எம்பி த்ரீயில்தான் இருக்கும். வேறு ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

பஸ் வெளியானது. எஞ்சின் அச்சு அசல் எங்கள் எஞ்சின். ஒரே ஒரு குறை. அந்தத் துண்டு முடிந்து மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும், உறுமலுக்கு நடுவில் "டக்" என்று ஒரு சின்ன விக்கல். எங்கள் இருவருக்குமே அது கேட்டது. எம்பி த்ரீயில் அப்படித்தான் வரும் என்றான் அவன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

டிரைவருக்கு அந்த விளையாட்டை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் பதுளை பஸ் ஸ்டாண்டில் தன் முறை வரும்வரை, உண்மையான பஸ்ஸின் ஸ்டியரிங் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பொய் பஸ்ஸை ஓட்டுவார். ஒருநாள் நான் ஏறி உட்கார்ந்திருந்தபோது முதலாளி வந்தார்.

முதலாளி பதுளை டவுனில் இருக்கும் மனிதர். வெள்ளைச் சட்டை, எப்போதும் கையில் ஒரு துணி. பஸ்ஸின் எந்த இடத்தைத் தொட்டாலும் தொட்ட இடத்தைத் துடைப்பார். அவருக்கு இருந்தது இந்த ஒரு பஸ்தான்.

"என்னாடா அது, நம்ம பஸ் மாதிரி கேக்குது?"

"நம்ம பஸ்தாங்க முதலாளி. டீச்சர் செஞ்சது."

முதலாளி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லப் போனது. கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது அவர் கண்ணில் அப்படி ஒரு பயம்.

"டக்குனு ஒரு சத்தம் கேக்குதே. இது எப்பருந்து?"

"பஸ்ல அப்படிச் சத்தமே இல்லைங்க."

"இருக்குடா. இந்தா, மறுபடி. டக்கு! போனுக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலையா? என்னா டிரைவர் நீ?"

"முதலாளி, அது பஸ்ஸோட குத்தமில்லை" என்றேன் நான். "ஃபைலோட குத்தம். எம்பி த்ரீல மாத்துனா இப்படி வரும்."

அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குப் புரியுது."

மறுநாள் பஸ் வரவில்லை.

"பஸ்ஸுக்கு என்னா வருத்தம்?" என்று அக்கா, நோயாளியை விசாரிப்பது போல் கேட்டாள்.

"பஸ்ஸுக்கு ஒன்னுமில்ல. என் போன்லதான் வருத்தம்."

"அப்ப போன் போயி ஆஸ்பத்திரில படுக்கட்டும். பஸ் ஏன் படுக்குது?"

இந்த நியாயத்தை எல்லாரும் கேட்டார்கள். ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள், கோழிமுட்டை விற்கப் போகிறவர்கள், மகளுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியவர்கள், எல்லாரும் ஒரே வரிசையாக மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள், நடுவில் நான். யாரும் என்னைத் திட்டவில்லை. "டீச்சரு பஸ்ஸுக்கு என்னமோ கண்டுபுடிச்சாங்களாம், நல்லவேளை, இல்லேன்னா வளைவுல நின்னுருக்கும்" என்று என் காதுபடவே புகழ்ந்தார்கள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும், முதலாளி பஸ்ஸை விட்டிருந்த கராஜுக்கு நேராகப் போனேன். பதுளையிலிருந்து ஹாலிஎல போகும் ரோட்டில், தகரக் கொட்டகை. அதை நடத்தியவரை எல்லாரும் பாஸ் என்று கூப்பிடுவோம். கைத்தொழில்காரரை நம் நாட்டில் அப்படித்தான் கூப்பிடுவது. சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். பஸ்ஸின் எஞ்சின் மூடியைத் திறந்து, ஓடவிட்டிருந்தார். அது என் பக்கத்தில் நின்று அழகாக, ஒரு விக்கலும் இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. பாஸ் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிரைவரின் போனைக் காதில் வைத்திருந்தார்.

"சத்தம் ஜாஸ்தி, எஞ்சினை நிப்பாட்டு" என்று டிரைவரிடம் சொன்னார். "போன் கேக்க முடியல."

டிரைவர் நிறுத்தினார். பாஸ் நீளமான ஸ்குரு டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் நுனியைப் போனின் முதுகில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். எஞ்சினுக்குள் எங்கே சத்தம் வருகிறது என்று பார்க்க அவர்கள் செய்யும் வேலைதான் அது. 

"பம்ப்" என்றார் பாஸ். "டீசல் பம்ப் அடிக்குது. கழட்டணும்."

முதலாளி துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் முன்னால் போய், என்னால் முடிந்த அளவு பொறுமையாக விளக்கினேன். எட்டாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும் குரல் தானாகவே வந்தது. பதிவு செய்த சத்தம் ரொம்பப் பெரியது, போனில் இடம் பிடிக்கும். அதனால் அதைச் சுருக்குகிறோம். எம்பி த்ரீயில் சுருக்கினால் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் வெறும் இடம் ஒட்டிக்கொள்ளும். பாட்டு கேட்கும்போது அது தெரியாது. ஒரு துண்டையே சுற்றிச் சுற்றி ஓட்டினால், அந்த வெறும் இடத்தைத் தாண்டும்போது டக்கென்று கேட்கும்.

முதலாளி கவனமாகக் கேட்டார். ஆனால் வேறொரு சொல்லில் மாட்டிக்கொண்டார்.

"சுருக்குறதுன்னா?"

"தேவையில்லாததைத் தூக்கிப் போடுறது."

"என் பஸ்ஸோட சத்தத்துல எதைத் தூக்கிப் போட்டீங்க?"

"காதுக்குக் கேக்காத சத்தத்தைத்தாங்க."

"கேக்காத சத்தம் எதுக்கு என் பஸ்ல இருந்துச்சு?"

நான் பாஸைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், பம்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"முதலாளி, வேற ஒரு முறை இருக்காம்" என்றேன். முந்தின நாள் சாயங்காலம்தான் கெம்பஸ் மாணவன் அதைச் சொல்லியிருந்தான். "ஓஜிஜின்னு ஒரு வகை. அதுல சுருக்குனா இந்த வெறும் இடம் வராது. போட்டது போட்ட அளவிலேயே இருக்கும். அதுல மாத்திட்டா டக்கு போயிரும்."

"அது யாரு கம்பனியோடது?"

"யாரோடதும் இல்லைங்க. எம்பி த்ரீக்கு ஒரு காலத்துல உரிமைக்காரங்க இருந்தாங்க. ஓஜிஜி ஆரம்பத்துலருந்தே எல்லாருக்கும் பொது. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம்."

முதலாளியின் முகம் இறுகியது. அவர் வாழ்நாள் முழுவதும் பாதை பெர்மிட்டுக்காக அரசாங்கக் கச்சேரி ஆபீஸுக்கு நடந்தவர்.

"சொந்தக்காரன் இல்லையா?"

"இல்லைங்க."

"பெர்மிட்டு?"

"வேண்டியதில்லை."

"டீச்சர்" என்றார், குரலைத் தாழ்த்தி. "சொந்தக்காரன் இல்லாத சாமான், பெர்மிட்டு இல்லாம ஓடுறது. அதுல போயி என் பஸ்ஸை ஏத்தச் சொல்றீங்களே. நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா யார்கிட்டப் போயி நிப்பேன்?"

பம்பைக் கழற்றினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் நடந்தோம். பம்ப் கழுவப்பட்டு, பார்க்கப்பட்டு, மறுபடி மாட்டப்பட்டது. மாட்டிய அன்று முதலாளி எனக்கு ஆள் விட்டுச் சொன்னார், டீச்சரும் வந்து பார்க்கட்டும் என்று. போனேன். பஸ்ஸைப் போடுவார்கள் என்று பார்த்தால், போனைப் போட்டார்கள். விளையாட்டுக்குள் பஸ் நின்று உறுமியது. எல்லாரும் குனிந்தோம்.

டக்.

முதலாளி பக்கத்தில் இருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். பாஸின் காது சிவந்தது. அவர் தொழிலில் அப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை போலும்.

"ஃபைலை யாரும் மாத்தலையே" என்றேன். "அதே பழைய ஃபைல்தானே உள்ளுக்கு இருக்கு? பம்பைக் கழட்டி மாட்டுனா ஃபைல் எப்படி மாறும்?"

"மேட்டுல ஏத்திப் பார்க்கணும்" என்றார் பாஸ். "நின்ன எடத்துல சொல்ல ஏலாது. ரோட் டெஸ்ட்."

நான் சந்தோஷப்பட்டேன், ஒரு வழியாக உண்மையான பஸ்ஸில் ஏறப் போகிறார்கள் என்று. பாஸ் போனைக் கையில் எடுத்தார். எல்ல என்னும் ஊர்ப் பக்கத்து மலை ரோட்டையும் யாரோ மோட்டாகச் செய்து வைத்திருந்தார்கள். டிரைவர் அந்த ரோட்டை எடுத்துக் கொடுத்தார். பாஸுக்கு உண்மையில் எந்த வண்டியும் ஓட்ட வரும். போனில் விரலால் ஓட்டி அவருக்குப் பழக்கமில்லை. முதல் வளைவு சரியாகப் போனது. இரண்டாவதில், பாஸ் ஸ்டியரிங்கை ஒடிப்பது போல் தன் உடம்பையே ஒடித்தார். போனில் பஸ் நேராகப் போய், பாதுகாப்புக் கல்லைத் தட்டி, தேயிலைச் சரிவில் உருண்டு, கீழே ஓர் ஓடையில் நாலு டயரும் வானத்தைப் பார்க்க விழுந்தது. விழுந்த பிறகும் எஞ்சின் நிற்கவில்லை. டக், டக் என்றது.

 டிரைவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என் பஸ்ஸைக் கொண்டுபோயி பள்ளத்துல போட்டுட்டியே" என்றார் முதலாளி. குரல் உடைந்தே போயிருந்தது.

"முதலாளி, பஸ் இந்தா நிக்குது" என்று நான் பின்னால் கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்து, நம்பிக்கையில்லாமல், போய்த் தொட்டார். தொட்ட இடத்தைத் துடைத்தார்.

இதில் உண்மையில் கெட்டுப்போனது டிரைவரின் மனசுதான். விழுந்த வண்டியைப் பூசை போடாமல் எடுக்க முடியாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, நீங்களும் நானும் ஒரே கோயிலுக்குத்தானே போறோம்? அந்தோனியார்கிட்ட ஒரு மெழுகுவர்த்தி போதாதா?" என்றேன்.

"அது எனக்கு டீச்சர். பஸ் இந்து" என்றார்.

உண்மைதான். கண்ணாடிக்கு மேல் பிள்ளையார் படம் இருந்தது. ஆகவே பதுளையில் ஒரு சின்னக் கோயில் வாசலுக்கு பஸ் போனது. பூசாரி வயதில் இளையவர், எதற்கும் ஆச்சரியப்படாதவர். பஸ்ஸைச் சுற்றிக் கற்பூரம் காட்டி, முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். பிறகு முதலாளி தயங்கித் தயங்கிப் போனையும் நீட்டினார்.

"விழுந்தது இதுலதாங்க சாமி."

பூசாரி போனுக்கும் கற்பூரம் காட்டினார். ஒரு பழத்தை நிலத்தில் வைத்து, போனை அதன் மேல் வைத்து, "அமத்துங்க" என்றார். டிரைவர் அழுத்தினார். அந்தப் பெரிய உடம்பின் பலம் அதுவரை எனக்குத் தெரியாது. சாறு போனின் சார்ஜ் துவாரத்துக்குள் போய், மறுநாள் காயும்வரை போன் பேசவில்லை. அது நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. ஒரு நாளாவது யாரும் டக்கைக் கேட்கவில்லை.

அந்த ஒரு நாளில் நான் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டர் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. பழைய பதிவைத் திறந்து, உறுமலின் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலை மேலே ஏறி, கீழே இறங்கி, நடுக்கோட்டைத் தொடும் இடம் ஒன்று இருக்கும். தொடக்கத்தையும் முடிவையும் அப்படித் தொடும் இடங்களிலேயே வெட்டினால், முடிவு தொடக்கத்தோடு தையல் தெரியாமல் சேரும். வெட்டினேன். லீக்ஸ் அம்மா இருமுவதற்கு மூச்சை இழுக்கும் சத்தம் ஓரத்தில் கொஞ்சம் இருந்தது, அதையும் எடுத்தேன். அதை ஓஜிஜியாக மாற்றிச் சுற்றவிட்டேன்.

பஸ் நின்று உறுமியது. உறுமிக்கொண்டே இருந்தது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே போன வாட்ச்சர் எட்டிப் பார்த்து, "டீச்சர், பஸ் வந்துருச்சு போல, நீங்க போகலையா?" என்றார். எந்தப் பரீட்சையிலும் பாஸானபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

கெம்பஸ் மாணவன் அன்றைக்கே புதிய பதிப்பைப் போட்டான். டிரைவரின் போன் உயிர் பெற்றதும் அதில் மாற்றிக் கொடுத்தேன். என்ன மாற்றினேன் என்று நான் யாரிடமும் விளக்கவில்லை; விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்திருந்தது. கராஜில் மறுபடி எல்லாரும் கூடினார்கள். முதலாளி ஒரு டீ குடித்து முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தார்.

"இல்ல" என்றார் கடைசியில். கண் கலங்கியிருந்தது. "டக்கு இல்ல."

"புதுசா செட் பண்ணுன பம்ப்" என்றார் பாஸ், ஒரு காலை பம்பரில் வைத்துக்கொண்டு. "பதமாக ரெண்டு மூனு நாள் எடுக்கும். நான் அன்னைக்கே சொன்னேன்."

அவர் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள், டிரைவரும்தான். நானும் ஆட்டினேன் என்றுதான் ஞாபகம். மறுநாள் காலை பஸ் வரும் சத்தம் கேட்டு அக்கா தலை வார உட்கார்ந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த மோட்டை ஊரெல்லாம் இறக்கியிருந்தார்கள். புதிய பதிப்பின் கீழே குறைகள் வந்து குவிந்தன. டக் எங்கே என்று கேட்டார்கள். முதல் பதிப்பில் இருந்ததுதான் அசல் பஸ் சத்தம், இது ஏதோ கம்பனி பஸ் மாதிரி இருக்கிறது, அந்த விக்கல்தான் இந்த பஸ்ஸின் அடையாளமே என்று எழுதினார்கள். ஒருவர், தான் சின்ன வயதில் அந்த பஸ்ஸில் போயிருப்பதாகவும் அப்போதே அந்த டக் இருந்ததாகவும் சத்தியம் செய்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை வெலிமடையிலிருந்து இளைஞர் கூட்டம் ஒன்று, அந்த பஸ்ஸில் ஏறுவதற்கென்றே வந்தது. பதுளையில் ஏறி, எங்கும் இறங்காமல் பெக்டரி வாசல்வரை வந்து, அதிலேயே திரும்பிப் போனார்கள். போகும்போது முகம் தொங்கியிருந்தது. அதில் ஒருவன் முதலாளியிடமே கேட்டுவிட்டான்.

"அங்கிள், இது அந்த பஸ்தானா? டக்கு இல்லையே. டூப்ளிகேட்டா?"

தன் பஸ்ஸைப் பார்த்து டூப்ளிகேட் என்று ஒருவன் கேட்டதை முதலாளியால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை கராஜுக்குப் போய், "பாஸ், அந்த டக்கை மறுபடி கொண்டு வர ஏலுமா?" என்று கேட்டிருக்கிறார். பாஸ் கொஞ்சமும் யோசிக்கவில்லையாம்.

"ஏலும். என்னா, முந்தி இருந்த மாதிரியே வேணுமா, கொஞ்சம் சாஃப்ட்டா வேணுமா?"

ஒரு பால்மா டின்னுக்குள் பெரிய போல்ட் ஒன்றைப் போட்டு, அதை எஞ்சின் மூடிக்கு அடியில் கம்பியால் கட்டிவிட்டார். அது டக் என்று சொல்லவில்லை. கடகடகட என்றது. முன் சீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டு போகும் பழக்கம் அக்காவுக்கு உண்டு, சந்தைக்குப் போகும் நாட்களில். எத்தனையாவது மணியில் நிற்கிறோம் என்று தெரியாமல் பத்து மணி கொண்ட ஒரே மர்மத்தை ஹாலிஎல வரைக்கும் சொன்னாளாம். இறங்கும்போது டிரைவரிடம், "தம்பி, இதுக்கு அந்தப் பழைய வருத்தமே தேவல" என்றாள்.

 அடுத்த நாள் நான் பஸ்ஸில் போகும்போது, டிரைவர் மேல் வளைவில் ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தினார். எஞ்சின் மூடியைத் திறந்து, கம்பியை முறுக்கி அவிழ்த்து, டின்னைத் தேயிலைச் சரிவில் எறிந்தார். அது உருண்டு போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மறுபடி ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இந்த சத்தத்தை எடுத்துராதீங்க."

முதலாளியிடம் வளைவில் தானாகக் கழன்று விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். முதலாளியும் அதற்குள் வேறு கவலைக்குப் போய்விட்டிருந்தார். விளையாட்டில் இருக்கும் பஸ்ஸின் பம்பர் நசுங்கலை நிமிர்த்தித் தர முடியுமா என்று கெம்பஸ் மாணவனின் நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டார். உண்மையான பம்பரை நிமிர்த்த அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கொஸ்லந்த பக்கம் மாற்றல் வந்தது. அங்கேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். முதல் நாள் காலையில், தெரியாத ஊரில், தெரியாத பஸ்ஸுக்குள் ஏறி, முன் பக்கம் உட்கார்ந்தேன். டிரைவர் மெலிந்த ஆள், வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னைக் கண்ணாடியில் இரண்டு மூன்று முறை பார்த்தார்.

"பதுளைலருந்து வந்த டீச்சருங்களா?"

"ஆமாங்க."

"பஸ்ஸோட வருத்தத்தைப் போன் வச்சே கண்டுபுடிக்கிற டீச்சரு நீங்கதானா?"

"இல்லைங்க. நான் கணக்கு டீச்சர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. எஞ்சினைப் போட்டார். ஆனால் பஸ்ஸைக் கிளப்பவில்லை. அவர் இறங்கி வந்து, என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, எஞ்சின் மூடியைத் திறந்தார். சூடான எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது.  நின்றுகொண்டிருந்தவர்கள்கூட எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள்.

"கொஞ்சம் போனை வச்சுப் பாருங்களேன் டீச்சர்" என்றார். "ரெண்டு நாளா என்னமோ மாதிரி இருக்கு."

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் போனை எடுத்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

"பம்ப்" என்றேன்.

டிரைவர் திருப்தியோடு மூடியைச் சாத்தினார். பஸ் கிளம்பியது.